சுகர் இருக்கிற பிள்ளை பிச்சாவரம் போகலாமா?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். யார் என்று தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

மகளுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. இரண்டு வருடம் முன்பு குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, துரும்பாக இளைத்து, கடைசியில் மூச்சு வாங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதுதான் டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்தது. அன்றிலிருந்து மூன்று வேளை சாப்பாட்டுக்கு முன்னாலும் இரவு படுக்கும் முன்னாலும் இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். பள்ளியில் தலைமை ஆசிரியருக்கும் வகுப்பு ஆசிரியைக்கும் மட்டும்தான் தெரியும். மத்தியான ஊசியைக் கழிவறைக்குள் போய்ப் போட்டுக்கொண்டு வருகிறாள், தோழிகள் யாருக்கும் தெரியாது.

பிப்ரவரியில் பள்ளி மூன்று நாள் களப்பயணம் கூட்டிப்போகிறது. முதல் நாள் பிச்சாவரம், இரவு சிதம்பரத்தில் தங்கல். இரண்டாம் நாள் வடலூர், நெய்வேலி. அந்த இரவும் மூன்றாம் நாளும் ஆரோவில் பக்கம் ஒரு பண்ணையில் நாற்று நடுவது, காடு பார்ப்பது. பெண் துள்ளிக் குதிக்கிறாள். பள்ளியோ இரண்டு தாள் கேட்கிறது. ஒன்று, 'முழு உடல் தகுதி உண்டு' என்று டாக்டர் சான்று. இன்னொன்று, 'என்ன நடந்தாலும் பொறுப்பு எங்களுடையது' என்று பெற்றோர் கையெழுத்து. இல்லாவிட்டால் வீட்டிலிருந்தே அலையாத்திக் காடு பற்றி சார்ட் செய்துகொண்டு வரட்டும், மார்க் குறையாது என்கிறார்களாம். துபாயில் இருக்கும் அப்பா "வேண்டாம், விடு" என்கிறார். பாட்டிக்கு வேறு கவலை: ஊருக்கே தெரிந்துவிட்டால் நாளைக்குக் கல்யாணம் எப்படி?

அம்மாவுக்கு ஒரு யோசனை. மூன்று நாள்தானே, ஊசியை நிறுத்திவிட்டு, சோற்றைக் குறைத்துச் சாப்பிடச் சொல்லி அனுப்பினால் சுகர் இறங்கி மயக்கம் வராதே, ஏறினால் திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாமே? அல்லது தானும் கூடவே பஸ்ஸில் போகலாமா? மகள் சொல்லிவிட்டாளாம்: "நீ வந்தா நான் வரல."

அம்மா, உங்கள் யோசனைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். ஊசியை நிறுத்தவே கூடாது. மூன்று நாள் இல்லை, ஒரு நாள்கூட.

வயதானவர்களுக்கு வருகிற சர்க்கரை நோயை மனதில் வைத்து நீங்கள் யோசித்திருக்கிறீர்கள். உங்கள் மாமனார் ஒரு நாள் மாத்திரை மறந்தால் பெரிதாக எதுவும் ஆகாது. உங்கள் மகள் கதை வேறு. அவள் உடம்பு இன்சுலினையே சுரப்பதில்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தியே தவறிப்போய், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிட்டது. (நீங்கள் சாக்லேட் வாங்கிக் கொடுத்ததால் வந்ததில்லை. கடிதத்தில் இரண்டு இடத்தில் அந்தக் குற்ற உணர்ச்சி எட்டிப் பார்க்கிறது, அதைத் தூக்கிப் போடுங்கள்.) ஊசி இல்லாமல் அவள் பட்டினியே கிடந்தாலும் சுகர் ஏறும். உடம்பு கொழுப்பை எரிக்க ஆரம்பிக்கும், ரத்தத்தில் கீட்டோன் என்கிற அமிலம் சேரும், வாந்தி, வயிற்று வலி, அப்புறம் மூச்சு வாங்கல். இரண்டு வருடம் முன்பு நீங்கள் பார்த்தது இதைத்தான். இப்போது ஒரு நாளுக்குள்ளேயே அந்த நிலைக்குப் போய்விடலாம். வாந்தி எடுத்து எதுவுமே சாப்பிடவில்லை என்றாலும் இரவு போடுகிற நீண்ட நேர இன்சுலினை விடக் கூடாது.

சரி, அடுத்த கேள்வி. போகலாமா? போகலாம். போகட்டும் என்றே சொல்வேன்.

சார்ட் ஒட்டிக் கொடுத்தால் மார்க் வரும். ஆனால் சேற்றிலிருந்து ஈட்டி மாதிரி மேலே நீட்டிக்கொண்டு நிற்கிற சுவாச வேரைக் கண்ணால் பார்க்கிற பிள்ளைக்குத்தான், வேர் எதற்கு மண்ணை விட்டு வெளியே வருகிறது என்ற கேள்வியே வரும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் தேவனாம்பட்டினம் பட்ட பாடு உங்களுக்கு நினைவிருக்கும். பிச்சாவரத்து அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது ஏன் என்பதைப் படகில் உட்கார்ந்து கேட்பதும் பாடப் புத்தகத்தில் படிப்பதும் ஒன்றாகாது. அங்கே தில்லை மரத்தைக் காட்டுவார்கள், சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்ததே அந்த மரத்தால்தான். அதன் பால் கண்ணில் பட்டால் எரித்துவிடும், கிளையை ஒடிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஐந்து வருடத்தில் இந்தப் பெண் கல்லூரி விடுதியில் இருப்பாள். வீட்டை விட்டு வெளியே தன் சுகரைத் தானே பார்த்துக்கொள்வதை எங்காவது ஓர் இடத்தில் ஆரம்பித்துத்தானே ஆக வேண்டும்? கூட நான்கு ஆசிரியர்கள் இருக்கிற, வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிற ஒரு பயணத்தைவிட நல்ல ஆரம்பம் அமையாது.

உண்மையைச் சொன்னால், இந்தப் பயணத்தில் எனக்குச் சுகரைவிடப் படகைப் பற்றித்தான் பயம் அதிகம். 2024 ஜனவரியில் வதோதரா ஹர்ணி ஏரியில் பள்ளிப் பிள்ளைகள் போன படகு கவிழ்ந்து 12 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். அளவுக்கு மேல் ஆள் ஏற்றியிருந்தார்கள், பெரும்பாலான பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் இல்லை. பள்ளியிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது இதை. ஒவ்வொரு பிள்ளைக்கும் லைஃப் ஜாக்கெட் உண்டா, ஒரு படகுக்கு எத்தனை பேர்? நம் ஊரில் மற்ற பெற்றோர் யாரும் கேட்கமாட்டார்கள், நீங்கள் கேட்டால் எல்லாப் பிள்ளைக்கும் நல்லது.

அந்த இரண்டு தாள்

'முழு உடல் தகுதி' என்று எந்த டாக்டரும் மனசாட்சியோடு எழுத முடியாது, எழுதினாலும் அதனால் பயனில்லை. அதற்குப் பதிலாக ஒரே பக்கத்தில், தமிழில், வேறு ஒன்று எழுதி வாங்குங்கள்: இன்ன நோய், இன்ன இன்சுலின், எந்த நேரம், சுகர் இறங்கினால் என்ன தெரியும், என்ன கொடுக்க வேண்டும், எப்போது ஆஸ்பத்திரி, யாருக்கு போன். ஆசிரியைக்கு உதவப்போவது அந்தப் பக்கம்தான்.

பொறுப்புக் கடிதத்துக்கு வருகிறேன். நான் டாக்டர், வக்கீல் இல்லை, ஆனால் ஒரு வழக்கு எங்கள் துறையோடு ஒட்டியது என்பதால் தெரியும். 2006 டிசம்பரில் பெங்களூரிலிருந்து வட இந்தியச் சுற்றுலா போன 14 வயது மாணவிக்கு வழியில் மூளைக் காய்ச்சல் வந்தது. கூடப் போனவர்கள் நேரத்தில் வைத்தியம் பார்க்கவில்லை, பிழைத்தாலும் அவள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. நுகர்வோர் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2021இல் 88 லட்சம் ரூபாய்க்கு மேல் இழப்பீடு உறுதியானது. பிள்ளையைக் கூட்டிப்போகிறவர்களுக்குக் கவனிக்கும் கடமை உண்டு, நீங்கள் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததால் மட்டும் அது கழன்றுவிடாது. அதனால் அந்தக் கடிதத்தைப் பார்த்து அஞ்சவும் வேண்டாம், அப்படியே கையெழுத்துப் போடவும் வேண்டாம். "மகளின் நோய் விவரம், மருந்து, செய்ய வேண்டியவை எல்லாம் எழுத்தில் கொடுத்திருக்கிறோம், பயணத்துக்குச் சம்மதிக்கிறோம்" என்று மாற்றி எழுதிக் கொடுங்கள்.

பள்ளி இவளை விட்டுவிட்டுப் போகலாமா என்றால், நியாயமே இல்லை. 2023இல் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் கல்வி வாரியங்களுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. டைப் 1 உள்ள பிள்ளை வகுப்பிலேயே சுகர் பார்க்கவும், ஊசி போடவும், இடையில் சாப்பிடவும், டாக்டர் சொன்னபடி விளையாடவும் விட வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆறிலிருந்து எட்டாம் வகுப்புக்குப் புத்தகப் பை இல்லாத 10 நாள் என்று பேசுகிறது. இலவச கட்டாயக் கல்விச் சட்டம் 29ஆம் பிரிவு, செய்தும் தேடியும் கண்டுபிடித்தும் கற்க வேண்டும் என்கிறது. இதையெல்லாம் தலைமை ஆசிரியர் முன்னால் சட்டப் புத்தகம் மாதிரி விரிக்க வேண்டாம். அவருக்கும் பயம்தான், வேறொன்றும் இல்லை. எதற்குப் பயப்படுகிறாரோ அதற்கு ஒரு பக்கத்தில் பதில் கையில் இருந்தால் பாதி ஆசிரியர்கள் இறங்கி வந்துவிடுவார்கள், என் அனுபவம் அது. இறங்கவில்லை என்றால் அந்த ஆணையக் கடிதத்தை எடுங்கள்.

பகலில் ஆட்டம், இரவில் இறக்கம்

எல்லாரும் நினைப்பது: படகு, நடை, வெயில், அப்போதுதான் மயக்கம் வரும். வரலாம். ஆனால் நான் அதிகம் கவலைப்படுவது சிதம்பரத்தில் தூங்குகிற அந்த முதல் இரவைப் பற்றி. பகல் முழுக்க ஓடி ஆடிய தசைகள் செலவழித்த சர்க்கரையை ராத்திரி ரத்தத்திலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும். ஆட்டம் முடிந்து ஆறு மணி நேரம், சில சமயம் பதினைந்து மணி நேரம் கழித்துக்கூட சுகர் இறங்கும். தூங்குகிற பிள்ளைக்கு அது தெரியாது, பக்கத்தில் படுத்திருப்பவளுக்கும் தெரியாது. என்னிடம் வருகிற ஒரு பையன் பயணம் போய்த் திரும்பும் பஸ்ஸில் சுருண்டு கிடந்திருக்கிறான். பாவம், களைப்பு, தூங்கட்டும் என்று போர்த்திவிட்டிருக்கிறார்கள். சட்டை நனைந்திருந்ததை ஒரு கூட்டாளி தற்செயலாகத் தொட்டுப் பார்த்துச் சொன்னதால் ஆயிற்று.

அதனால் படுக்கும் முன் ஒரு முறை, விடிகாலை 3 மணிக்கு ஒரு முறை சுகர் பார்க்க வேண்டும். ஆசிரியை போனில் அலாரம் வைத்து எழுப்பினால் போதும், விரலைக் குத்திப் பார்ப்பது உங்கள் மகளுக்கே தெரியும். படுக்கும்போது 120க்குக் கீழே இருந்தால் ஒரு டம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும். அன்றைய இரவு இன்சுலினைச் சற்றுக் குறைப்பது எங்கள் வழக்கம், 10 முதல் 20 சதவீதம் வரை. அவளுக்கு எவ்வளவு என்பதை அவளைப் பார்க்கிற டாக்டரே சொல்லட்டும், என் கடிதத்தைப் பார்த்துக் குறைக்காதீர்கள்.

பகலில், படகு ஏறும் முன் பார்க்கட்டும். 90க்குக் கீழே என்றால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டு, கொஞ்சம் பொறுத்து, மறுபடி பார்த்து ஏறட்டும். 250க்கு மேல் போய் வாந்தியோ வயிற்று வலியோ இருந்தால் படகும் வேண்டாம், நடையும் வேண்டாம்.

சாப்பாட்டு நேரம்தான் பயணத்தில் பெரிய தலைவலி. "இன்னும் பத்து நிமிஷத்துல சாப்பாடு" என்பார்கள், அது ஒன்றரை மணி நேரம் ஆகும். அவள் போடுவது சாப்பாட்டுக்குச் சற்று முன் போடுகிற வேக இன்சுலின் என்றால் ஒரே விதி: இலையில் சோறு விழுந்த பிறகுதான் ஊசி. அரை மணி முன்னால் போடுகிற பழைய வகை என்றால் பயணத்துக்கு மட்டும் மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். வடலூர் தருமசாலையில் சாப்பிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் அணையாமல் எரிகிற இடம், அங்கே போய் இவள் மட்டும் டப்பாவைத் திறந்து சப்பாத்தி தின்ன வேண்டுமா? எல்லாரோடும் உட்கார்ந்து சோறும் குழம்பும் சாப்பிடட்டும். எத்தனை கரண்டிக்கு எத்தனை யூனிட் என்று வீட்டில் போடுகிற கணக்கே அங்கேயும்.

சுகர் பிள்ளைக்குச் சர்க்கரையா?

இந்த ஒரு வாக்கியத்தால்தான் பிள்ளைகள் ஆபத்தில் சிக்குகிறார்கள். சுகர் 70க்குக் கீழே இறங்கி, கை நடுங்கி, வியர்த்து, காரணமில்லாமல் சிடுசிடுக்கிறாள் என்றால் அந்த நிமிடத்தில் சர்க்கரைதான் மருந்து. மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. சாக்லேட் வேண்டாம், அதில் இருக்கிற கொழுப்பு சர்க்கரையை மெதுவாக்கிவிடும். கூட இருக்கும் ஆசிரியை "ஐயோ, இவளுக்குச் சர்க்கரை கொடுக்கக் கூடாதே" என்று தம்ளரைப் பிடுங்கினால் முடிந்தது கதை, ஆகவே இதை நேரில் போய்ச் சொல்லுங்கள், எழுத்தில் மட்டும் விடாதீர்கள். மீட்டர் பக்கத்தில் இல்லை என்றால் தேடிக்கொண்டிருக்காமல் முதலில் குளுக்கோஸ். அந்தச் சமயத்தில் அவளைத் தனியாக அறைக்கு அனுப்பவும் கூடாது.

மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108க்குக் கூப்பிட வேண்டும். இறங்கிய சுகரை ஏற்றுகிற குளுக்ககான் ஊசி உங்களிடம் இருந்தால் அதைப் போடப் பழகிய ஒருவர் கூடப் போக வேண்டும்.

இன்னொன்று, அடிக்கடி தவறுவது. வாந்தி எடுத்தால் "பஸ் ஒத்துக்கல", "வெளிச் சாப்பாடு ஒத்துக்கல" என்று எலுமிச்சம்பழத்தை மோந்து பார்க்கச் சொல்லிவிடுவார்கள். இவள் வாந்தி எடுத்தால் முதலில் சுகர் பார்க்க வேண்டும், கூடவே சிறுநீரில் கீட்டோன் ஸ்ட்ரிப். ஏறியிருந்தால் நேராக ஆஸ்பத்திரி.

பையில் என்ன, எந்தப் பையில்

எல்லாமே இரண்டு செட். ஒன்று அவள் தோளில், இன்னொன்று ஆசிரியையிடம். பஸ்ஸுக்கு அடியில் போகிற பெட்டியில் எதுவும் இருக்கக் கூடாது, வெயிலில் நிற்கிற பஸ்ஸில் இன்சுலின் வெந்துவிடும். பயன்பாட்டில் இருக்கிற இன்சுலின் 30 டிகிரிக்குக் கீழே சுமார் 4 வாரம் தாங்கும், அதனால் பிப்ரவரியில் மூன்று நாளுக்கு ஐஸ் பெட்டி தேவையில்லை. ஐஸோடு ஒட்டிக் கிடந்து உறைந்தால்தான் அது வீண், கரைந்து பழையபடி தெளிவாகத் தெரிந்தாலும் போடக் கூடாது. ஈரத்துணி சுற்றிய சின்ன மண்கலயம் போதும், ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளுக்கு நாங்கள் சொல்லித் தருவதும் அதுவே. படகில் போகும்போது மீட்டர், குளுக்கோஸ், இன்சுலின் மூன்றும் தண்ணீர் புகாத ஒரு சின்னப் பையில் அவள் இடுப்போடு. ஸ்ட்ரிப் வழக்கத்தைப்போல் இரண்டு மடங்கு. மாதவிடாய் நாள் அந்த வாரத்தில் வருமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், சில பிள்ளைகளுக்கு அப்போது சுகர் கொஞ்சம் ஏறும்.

நீங்கள் கூடப் போவதா?

பதின்மூன்று வயதில் அம்மா பஸ்ஸில் வந்தால் எந்தப் பெண்ணும் முகத்தைத் தூக்கிக்கொள்வாள், அதில் தப்பில்லை. பகலில் மட்டும் அனுப்பிவிட்டு இரவு வீட்டுக்குக் கூட்டிவந்துவிடலாமா என்றும் ஒரு வழி இருக்கிறது, சிதம்பரம் பக்கம்தானே. ஆனால் பிள்ளைகளுக்குப் பயணம் என்பதே ராத்திரிக் கதைதான், அதை எடுத்துவிட்டால் மீதி என்ன? ஆசிரியர்கள் 3 மணிக்கு எழுந்திருக்க மாட்டோம் என்று கையை விரித்தால் மட்டும் அந்த வழி.

உங்கள் கடிதத்திலேயே ஒரு வழி இருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. நாத்தனார் வீடு சிதம்பரத்தில் என்று எழுதியிருக்கிறீர்களே. முதல் இரவு அங்கே போய் இருங்கள். மகளிடம் மறைக்க வேண்டாம், சொல்லிவிட்டே போங்கள்: "நான் கூப்பிட மாட்டேன், நீ கூப்பிட்டால் பத்து நிமிஷத்தில் வருவேன்." அவள் ஒத்துக்கொள்வாள் என்று நினைக்கிறேன். காலை, இரவு, விடிகாலை என்று மூன்று முறை எண்ணை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். பதிலுக்கு நீங்கள் அறிவுரை அனுப்பக் கூடாது!

அதற்கு முன் ஒத்திகை ஒன்று வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சில்வர் பீச்சில் இரண்டு மணி நேரம் நன்றாக ஓடி விளையாட விட்டு, முன்னால், பின்னால், படுக்கும்போது, 3 மணிக்கு என்று சுகரைக் குறித்து வையுங்கள். அவள் உடம்பு எப்படி இறங்குகிறது என்பது அதில் தெரிந்துவிடும். அந்தத் தாளோடு டாக்டரைப் பாருங்கள்.

தோழிகளுக்குச் சொல்வதா?

நீங்கள் கேட்கவே இல்லை, ஆனால் எனக்கு இதுதான் முக்கியம். கழிவறையில் ஊசி போடுகிற பிள்ளை, பயணத்தில் சுகர் இறங்கினாலும் யாருக்கும் தெரியாமல் சமாளிக்கத்தான் பார்க்கும். குளுக்கோஸ் டப்பாவை எடுக்க வெட்கப்படும், "சும்மா தலைவலி" என்று ஓரமாகப் போய் உட்காரும். ஊர் முழுக்கத் தமுக்கு அடிக்கச் சொல்லவில்லை. கூடத் தங்கப்போகிற இரண்டு தோழிகளுக்கு அவளே சொல்லட்டும். யாருக்கு என்று அவள் முடிவு செய்யட்டும். பாட்டியிடம் நீங்கள் வாதாட வேண்டாம், வெல்ல முடியாது. டைப் 1 உள்ள பெண்கள் படித்து, வேலைக்குப் போய், கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று என்னிடமே அந்தப் பிள்ளைக்குத் தடுப்பூசி போட வருகிறார்கள் என்று மட்டும் சொல்லுங்கள். அப்பாவுக்கு அந்த ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு வீடியோவில் மகளையே பேசச் சொல்லுங்கள். "வேண்டாம், விடு" என்பது தூரத்தில் இருப்பவரின் பயம். என்ன செய்யப்போகிறோம் என்று அவள் வாயாலேயே கேட்டால் குறையும்.

ஒன்று நிச்சயம் நடக்கும், இப்போதே சொல்லிவைக்கிறேன். திரும்பி வரும்போது மீட்டரில் 280ம் இருக்கும், 65ம் இருக்கும், ஒரு வேளை பார்க்கவே மறந்திருப்பாள். மூன்று நாள் அலைச்சலில் எங்கள் கணக்கே தவறும், அவளுக்கு 13 வயது. வாசலிலேயே மீட்டரைப் பிடுங்கிப் பார்த்து, "இதுக்குத்தான் வேண்டாம்னு சொன்னேன்" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். முதலில் அவள் சொல்கிற கதையைக் கேளுங்கள், எண்களை நோட்டில் எழுதி அடுத்த முறை டாக்டரிடம் கொடுங்கள்.